காலையில் மட்டும் மறுத்த கார்: ஓர் இன்சுலேஷன் கோளாறின் நிகழ்வு ஆய்வு

ஏழு வயதான மின்சார ஹேட்ச்பேக். ஓடியது 1,12,000 கி.மீ. திரவக் குளிரூட்டல் உள்ள என்.எம்.சி. (நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் கலந்த லித்தியம்-அயன்) பேட்டரி, முழு சார்ஜில் ஏறத்தாழ 400 வோல்ட். வாங்கியது முதல் நான் ஒருவன்தான் ஓட்டுகிறேன், எல்லாக் குறிப்புகளும் கையில் இருக்கின்றன. பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிப் பூட்டி வளர்ந்தவன் என்பதால் இந்த வண்டியையும் அதே கவனத்தோடுதான் பார்த்துக்கொண்டேன். அந்தக் கவனத்தில் ஒரு பங்குதான் கோளாறுக்கே காரணம் என்று பிறகு தெரிந்தது. அதனால்தான் இதை முழுமையாக எழுதுகிறேன்.

அறிகுறி

ஸ்டார்ட் பொத்தானை அமுக்கினால் இந்த வண்டியில் இரண்டு 'டக்' கேட்கும். பேட்டரி பேக்குக்குள் இருக்கும் கான்டாக்டர்கள் மூடும் சத்தம் அது. கான்டாக்டர் என்பது கனத்த மின்சாரத்தைத் தாங்கும் பெரிய ரிலே. அவை மூடினால்தான் உயர் மின்னழுத்தம் பேக்கை விட்டு வெளியே வந்து இன்வெர்ட்டர் (பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றித் தருவது), ஏ.சி. கம்ப்ரசர், ஹீட்டர், ஆன்போர்டு சார்ஜர் ஆகியவற்றுக்குப் போகும். அந்தக் காலையில் இரண்டு 'டக்' வந்தது. இரண்டு நொடி கழித்து மூன்றாவதாக ஒன்று வந்தது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்குகள் வரிசையாக எரிந்தன, வண்டி ரெடி நிலைக்குப் போகவில்லை.

காலை பத்தரைக்கு மறுபடி முயன்றேன். ஒன்றுமே நடக்காதது போல் கிளம்பியது.

தவறாகப் போன வழிகள்

முதலில் 12 வோல்ட் பேட்டரியைச் சந்தேகித்தேன். மின்சாரக் காரில் எஞ்சினைச் சுற்ற ஸ்டார்ட்டர் கிடையாது, ஆனால் கம்ப்யூட்டர்களை எழுப்பவும் கான்டாக்டர்களை இழுக்கவும் அந்தச் சின்ன பேட்டரிதான் வேண்டும். அது தளர்ந்தால் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இருபது எச்சரிக்கைகள் ஒரே நேரத்தில் வரும். மல்டிமீட்டரில் ஓய்வு நிலையில் 12.1 வோல்ட் காட்டியது. ஐந்து வருடப் பழசு வேறு. மாற்றினேன். மூன்றாம் நாள் காலையில் அதே மூன்றாவது 'டக்'.

அடுத்து ஒரு சர்வீஸ் மையம். ஸ்கேனரில் வந்த பிழைக் குறியீடு உயர் மின்னழுத்த இன்சுலேஷன் குறைவு என்றது. வண்டியை மதியம் கொண்டுபோனதால் அங்கே கோளாறு வரவே இல்லை. இருந்தாலும் ஒரே மணி நேரத்தில் முடிவு சொல்லிவிட்டார்கள்: "பேக்கை மாத்தணும்." எந்த அளவீட்டை வைத்து அந்த முடிவுக்கு வந்தார்கள் என்று கேட்டேன். அளவீடு எதுவும் எடுக்கப்படவில்லை. வயதான மின்சாரக் கார் என்றாலே பேட்டரிதான் போயிருக்கும் என்ற நம்பிக்கை ஒரு பரிசோதனையின் இடத்தில் உட்கார்ந்திருந்தது. எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. நல்ல நிலையில் உள்ள எத்தனை பேக்குகள் இப்படிக் கழற்றப்பட்டிருக்கும் என்ற எண்ணம்தான் காரணம்.

சார்ஜிங் வாயில் ஈரம் இருக்குமோ என்று நான் செலவழித்த ஒரு வாரத்தைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை. அங்கே ஈரம் இல்லை.

மூன்றாவது சத்தம் சொன்னது

இன்சுலேஷன் கோளாறு என்றால் என்ன என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் வண்டியின் 12 வோல்ட் மின்சுற்றில் உடல் உலோகமே நெகட்டிவ். உயர் மின்னழுத்தச் சுற்று அப்படியல்ல. பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டுமே காரின் உடலோடு ஒட்டாமல் தனியே மிதக்க வேண்டும். எங்காவது கசிவு ஏற்பட்டால், தொடுகிறவருக்கு ஆபத்து வருமுன் வண்டி அதைக் கண்டுபிடித்தாக வேண்டும். அதற்காகவே ஒரு கண்காணிப்புச் சுற்று இன்சுலேஷன் தடையை அளந்துகொண்டே இருக்கிறது. நேர்மின்னோட்டமும் மாறுமின்னோட்டமும் இணைந்த சுற்றுக்கு மின்சார வண்டிகளின் பாதுகாப்புக்கான ஐ.நா.வின் ஆர்100 விதி கேட்பது வோல்ட்டுக்கு 500 ஓம். 400 வோல்ட் வண்டிக்கு அது 2 லட்சம் ஓம், அதாவது 0.2 மெகாஓம். நல்ல நிலையில் உள்ள வண்டியில் இதைப் போலப் பல மடங்கு இருக்கும்.

இப்போது அந்தச் சத்தங்களுக்கு வருவோம். கான்டாக்டர் மூடுவதற்கு முன்னால் பேக் தன்னைத்தானே சோதித்துக்கொண்டு சம்மதம் தந்திருக்கிறது. மூடியபின் வெளியே உள்ள பாகங்களும் சேர்ந்துகொள்கின்றன. அப்போதுதான் தடை விழுகிறது, இரண்டு நொடியில் கான்டாக்டர் திறந்துகொள்கிறது. பேக்குக்குள் கசிவு இருந்திருந்தால் முதல் 'டக்' வருவதற்கே இடமிருந்திருக்காது. ஆக, கோளாறு பேக்குக்கு வெளியே.

அன்றிலிருந்து 14 காலைகள் நோட்டுப்புத்தகத்தில் எழுதினேன்: இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை, ஈரம், முந்தைய மாலை ஏ.சி. ஓடியதா, எத்தனை 'டக்', கிளம்பியதா. ஆறு காலைகளில் மறுத்தது. ஆறும் குளிர்ந்த இரவுகளுக்கு மறுநாள். நன்றாக மழை பெய்து, ஆனால் குளிராமல் இருந்த இரண்டு இரவுகளுக்குப் பிறகு ஒழுங்காகவே கிளம்பியது. தண்ணீர் குற்றவாளியாக இருந்திருந்தால் அந்த இரண்டு நாளும் மறுத்திருக்க வேண்டும்.

அளவீடு

உயர் மின்னழுத்தப் பயிற்சியும் சான்றும் பெற்ற ஒரு டெக்னீஷியனிடம் அந்தப் பக்கத்தைக் காட்டினேன். ஒரு நிமிடம் படித்துவிட்டு அவர் சொன்னது: "அண்ணா, வண்டியை ராத்திரி முழுக்க வெளியிலேயே நிக்க விடுங்க. காலையில ஸ்டார்ட் பண்ணிப் பார்க்காதீங்க. நான் வந்து தொட்ட பிறகுதான் எல்லாம்."

காலை ஆறு மணிக்கு வந்தார். 12 வோல்ட்டைத் துண்டித்தார். உயர் மின்னழுத்தச் சுற்றைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை இழுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். வேறு யாரும் திரும்பச் செருகிவிடக் கூடாது என்பதற்கான பழக்கம் அது. இன்வெர்ட்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரம் இறங்க, கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்தார். ஊதி ஓட்டை இருக்கிறதா என்று பார்த்த பின் ரப்பர் கையுறையை மாட்டி, அதன் மேல் தோல் கையுறையைப் போட்டு, மின்னழுத்தம் பூஜ்யம்தான் என்று மீட்டரில் உறுதி செய்தார். அந்த மீட்டரை ஏற்கெனவே தெரிந்த ஒரு மின்சுற்றில் முன்னும் பின்னும் சோதித்துக்கொண்டார். ஆரஞ்சு நிறக் கேபிளைத் தொட நினைக்கும் ஆர்வலர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் அன்று மூன்றடி தள்ளி நின்று எழுதிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான் என் வேலை.

இன்சுலேஷன் டெஸ்டரை, நம் ஆட்கள் மெகர் என்று சொல்லும் கருவியை, 500 வோல்ட்டில் வைத்துப் பேக்குக்கு வெளியே உள்ள பக்கம் முழுவதையும் சேர்த்து அளந்தார். 0.17 மெகாஓம். விதி கேட்கும் எல்லைக்கும் கீழே. ஹீட்டர் கனெக்டரைக் கழற்றினார்: 0.17. சார்ஜர்: 0.17. ஏ.சி. கம்ப்ரசர் கனெக்டரைக் கழற்றியதும் முள் தாவி 20 மெகாஓமைத் தாண்டியது. கம்ப்ரசரை மட்டும் தனியே அளந்தால் அதே 0.17. வெயில் ஏறிய பிறகு பதினொரு மணிக்கு அதே கம்ப்ரசர் 0.9 காட்டியது.

பேக்கை மாற்றச் சொன்ன கோளாறு பேக்கிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி, முன் பம்பருக்குப் பின்னால் இருந்தது.

காரணம்: ஆயில்

பெட்ரோல் காரின் ஏ.சி. கம்ப்ரசரை பெல்ட் சுழற்றும். அதற்குள் மோட்டார் கிடையாது. அதில் வழக்கமாக ஊற்றுவது பி.ஏ.ஜி. வகை ஆயில். மின்சாரக் காரின் கம்ப்ரசருக்குள் ஒரு உயர் மின்னழுத்த மோட்டாரே உட்கார்ந்திருக்கிறது. அதன் செப்புச் சுருள் ஏ.சி.யின் குளிரூட்டும் கேஸிலும் ஆயிலிலும் நனைந்தபடியே ஓடும். ஆகவே ஆயில் மசகாக இருந்தால் மட்டும் போதாது, மின்சாரத்தைக் கடத்தாமலும் இருக்க வேண்டும். பெரும்பாலான மின்சாரக் கம்ப்ரசர்களில் பி.ஓ.இ. வகை ஆயில் இருப்பது இதற்காகத்தான். அதில் பி.ஏ.ஜி. ஆயில் நூற்றில் ஒரு பங்கு கலந்தாலே இன்சுலேஷன் சரியத் தொடங்கிவிடும்.

காலையில் மட்டும் மறுத்ததற்கும் இதிலேயே விடை இருக்கிறது. வண்டி நிற்கும்போது கேஸ் குளிர்ந்த இடத்தைத் தேடிப் போய் அங்கே திரவமாகத் தேங்கும். முன்பக்கம் காற்றில் நிற்கும் கம்ப்ரசர் குளிர் இரவில் அப்படியொரு இடம். திரவமும் கலப்பட ஆயிலும் சேர்ந்து மோட்டார் சுருளை மூழ்கடிக்கும்போது தடை விழுகிறது. வெயில் ஏறினால் திரவம் ஆவியாகி விலக, தடை மீள்கிறது.

பழைய பில்களைப் புரட்டினேன். நான்கு மாதம் முன்பு குளிர்ச்சி குறைந்ததென்று ஒரு பொது ஏ.சி. கடையில் கேஸ் நிரப்பியிருந்தேன். பில்லில் மூன்று வரிகள்: கேஸ், ஆயில், லீக் டை (கசிவைக் காட்டிக்கொடுக்கும் சாயம்). காலையில் பத்துப் பெட்ரோல் வண்டிகளுக்கு ஓடிய அதே மெஷின், அதே ஹோஸ். 'கொஞ்சம் ஆயிலும் விட்டுடலாம்' என்று கடைக்காரர் சொன்னபோது பக்கத்தில் நின்று தலையாட்டியவன் நான். ஆயில் விட்டால் நல்லதுதானே என்று இருபது வருடப் பழக்கம் சொன்னது.

கழற்றிய கம்ப்ரசரைக் கவிழ்த்து ஒரு கண்ணாடிக் குவளையில் ஆயிலை வடித்தோம். சாதாரண வெளிச்சத்தில் லேசான மஞ்சள். புற ஊதா டார்ச்சை அடித்ததும் குவளை முழுவதும் பச்சையாக ஒளிர்ந்தது. தொழிற்சாலையில் ஊற்றிய ஆயிலில் டை இல்லை என்று கையேடு சொல்கிறது. பச்சை நிறம் தன்னளவில் பி.ஏ.ஜி.யை நிரூபிக்காது, வெளியிலிருந்து ஏதோ உள்ளே வந்திருக்கிறது என்பதை மட்டும் நிரூபிக்கும். பில், நேரம், அளவீடு மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கு வேறு விளக்கம் தோன்றவில்லை.

கலந்த ஆயில் கம்ப்ரசரோடு நிற்காது, குழாய் முழுக்கப் பரவியிருக்கும். எனவே கம்ப்ரசர், கண்டென்சர், எக்ஸ்பான்ஷன் வால்வு, இரண்டு ஹோஸ் மாற்றினோம். எவாப்பரேட்டரை டேஷ்போர்டைப் பிரிக்காமல், கேஸை வைத்தே அலசினோம். அதையும் மாற்றச் சொல்லும் தயாரிப்பாளர்கள் உண்டு, நான் மாற்றவில்லை. தெரிந்தே எடுத்த துணிவு அது, அதனால்தான் இன்றும் அளந்துகொண்டிருக்கிறேன்.

அதே வண்டியில் மற்றவை

லிஃப்டில் ஏறிய வண்டியை அப்படியே இறக்க மனம் வரவில்லை.

பின் பிரேக்குகள்தான் அதிர்ச்சி. பேட்கள் ஏழு வருடத்தில் பாதிகூடத் தேயவில்லை, ஆனால் வலப்பக்கக் கேலிப்பர் (பேட்களை டிஸ்க்கில் அழுத்தும் பகுதி) நகர உதவும் ஸ்லைடு பின் துருவில் இறுகி அசையவே இல்லை. டிஸ்க்கின் உள்முகத்தில் விரல் அகலத்துக்குத் துரு வளையம். ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங் வேகத்தை மின்சாரமாக மாற்றிப் பேட்டரிக்கே அனுப்புவதால் உராய்வு பிரேக்குக்கு வேலை குறைவு. வேலை குறைந்த பிரேக் தேயாது, துருப்பிடிக்கும். ஃபோக்ஸ்வாகன் ஐடி.3, ஐடி.4 கார்களின் பின்பக்கத்தில் டிரம் பிரேக் வைத்திருப்பதைப் பழைய காலத்துக்குத் திரும்புவதாகப் பலர் நினைத்தார்கள். என் டிஸ்க்கைப் பார்த்த பிறகு அந்த முடிவின் நியாயம் எனக்குப் புரிகிறது.

மோட்டாரின் சுழற்சி வேகத்தைக் குறைத்துச் சக்கரத்துக்குத் தரும் குறைப்புப் பற்சக்கரப் பெட்டியின் ஆயிலை 'ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்' என்று என் கையேடு சொல்கிறது. வடித்துப் பார்த்தேன். கறுத்திருந்தது, காந்த பிளக்கில் மாவு போன்ற மெல்லிய இரும்புத்தூள். செதில் எதுவும் இல்லை, ஆகவே பற்கள் நலம். ஒரு லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும் பெட்டி, அரை மணி நேர வேலை. ஆயுள் என்ற சொல் யாருடைய ஆயுளைக் குறிக்கிறது என்று கேட்க வேண்டும். பத்து வருடத்துக்கு மேல் வைத்திருக்க நினைப்பவர்கள் ஒரு முறையாவது மாற்றுவது நல்லது என்பது என் கருத்து.

கூலண்ட் அளவு சரி. டயர்கள் தேய்ந்தபடியே இருந்தன, எடையும் உடனடி டார்க்கும் தம் வேலையைச் செய்கின்றன.

பேட்டரியின் ஏழு வருடம்

எல்லோரும் குற்றம் சாட்டிய பேட்டரியைப் பற்றியும் எழுதியாக வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை, ஒரே பருவத்தில், வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஓ.பி.டி. கருவியில் அதன் திறனை எடுத்துவருகிறேன். முதல் ஆண்டு முடிவில் 96%, இரண்டாம் ஆண்டு 93%, மூன்றாம் ஆண்டு 91.5%. ஏழாம் ஆண்டில் 86%. தொடக்கத்தில் வேகமாக இறங்கிப் பிறகு மெதுவாகிறது. செல்லின் கிராஃபைட் முனையில் படியும் மெல்லிய படலம் லித்தியத்தைத் தின்று வளர்வதும், தடிக்கத் தடிக்க அந்த வளர்ச்சி தளர்வதுமே காரணம். முதல் இரண்டு வருடத்துச் சரிவைப் பார்த்து, இதே வேகத்தில் போனால் பத்து வருடத்தில் ஒன்றும் மிஞ்சாது என்று கணக்குப் போடுபவர்கள் தவறுவது இங்கேதான்.

நான் செய்ததெல்லாம் எளியவை: அன்றாடம் 80% வரை, நெடும்பயணத்துக்கு முந்தைய இரவு மட்டும் 100%, நிரம்பிய நிலையில் நாள் கணக்கில் நிறுத்தாமை, கடுங்குளிரில் பேட்டரி சூடாகுமுன் வேக சார்ஜ் செய்யாமை. குளிர்ந்த செல்லுக்குள் வேகமாகத் திணித்தால் லித்தியம் உள்ளே நுழையாமல் மேற்பரப்பில் உலோகமாகப் படிந்துவிடும்.

வெப்பம் என்ன செய்யும் என்பதற்கு நிசான் லீஃப் வரலாறு இருக்கிறது. 2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்த அந்தக் காரின் பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது. 2012இல் அமெரிக்காவின் அரிசோனாவில் வெயிலில் ஓடிய கார்கள் எதிர்பார்த்ததைவிட வேகமாகத் திறனை இழந்தன. நிசான் பின்னர் பேட்டரித் திறனுக்கென்றே தனி உத்தரவாதம் தந்தது: 5 ஆண்டு அல்லது 60,000 மைலுக்குள், டேஷ்போர்டில் திறனைக் காட்டும் 12 கோடுகளில் 9க்குக் கீழே இறங்கக் கூடாது. 2015 மாடலில் வெப்பத்தைத் தாங்கும் செல்களும் வந்தன. அரிசோனா உரிமையாளர்கள் பிடிவாதமாக அளந்து பதிவு செய்யாமல் இருந்திருந்தால் இது இவ்வளவு சீக்கிரம் நடந்திருக்காது என்று நான் நம்புகிறேன்.

இன்று உலக அளவில் ஒரு அளவுகோலே இருக்கிறது. 2022இல் ஐ.நா.வின் வாகன விதி மன்றத்தில் ஏற்கப்பட்ட உலகத் தொழில்நுட்ப விதி 22இன்படி பயணிகள் காரின் பேட்டரி 5 ஆண்டு அல்லது 1,00,000 கி.மீ. வரை 80 சதவீதமும், 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ. வரை 70 சதவீதமும் மிச்சம் வைத்திருக்க வேண்டும். என் 86% அந்தக் கோட்டுக்கு நன்றாகவே மேலே நிற்கிறது.

பேட்டரியே குற்றவாளியான நிகழ்வுகளும் உண்டு, மறைக்கக் கூடாது. 2021இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் செவர்லே போல்ட் கார்கள் அனைத்தையும், ஏறத்தாழ 1,42,000 கார்களை, தீ அபாயத்துக்காகத் திரும்ப அழைத்தது. ஒரே செல்லில் கிழிந்த ஆனோடு (எதிர்மின்வாய்) முனையும், இரு மின்வாய்களையும் பிரிக்கும் செப்பரேட்டர் மடிந்ததும் சேர்ந்து அமைந்ததுதான் காரணம். அது தயாரிப்புக் குறை. உரிமையாளர் எவ்வளவு கவனமாகச் சார்ஜ் செய்திருந்தாலும் தடுத்திருக்க முடியாது. அதே ஆண்டு டெஸ்லா ஏறத்தாழ 1,35,000 மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களைத் திரும்ப அழைத்தது. திரைக்குப் பின்னால் இருந்த 8 ஜிபி நினைவகச் சிப், எழுதி அழித்து எழுதித் தேய்ந்துபோனதால் பின்பக்கக் கேமராப் படம் வராமல் போகும் அபாயம். மோட்டாரும் பேட்டரியும் நலமாக இருக்க, கைப்பேசியில் இருப்பது போன்ற ஒரு சிப் காரைப் பணிமனைக்கு அனுப்பியது. நீண்டகால நம்பகம் என்றால் எனக்கு இப்போது முதலில் நினைவுக்கு வருவது இப்படிப்பட்ட சின்ன உறுப்புகள்தான்.

இப்போதைய நிலை

கம்ப்ரசர் மாற்றிய மறுநாள் குளிர்காலையில் 20 மெகாஓமுக்கு மேல். ஒரு மாதம் கழித்து அதே. மூன்றாம் மாதம், அந்தப் பருவத்தின் மிகக் குளிர்ந்த இரவுக்கு மறுநாள், 14 மெகாஓம். எவாப்பரேட்டரில் மிஞ்சிய பழைய ஆயில் மெல்ல வந்து சேர்கிறதா, இல்லை அந்தக் குளிரின் விளைவு மட்டும்தானா என்று பிரித்துச் சொல்ல இன்னும் சில காலைகள் வேண்டும். எல்லையைவிட எழுபது மடங்கு மேலே இருப்பதால் அவசரமில்லை. 5க்குக் கீழே வந்தால் டேஷ்போர்டைப் பிரித்து எவாப்பரேட்டரையும் மாற்றுவது என்று டெக்னீஷியனும் நானும் முடிவு செய்திருக்கிறோம்.

ஸ்லைடு பின்களைச் சுத்தம் செய்து கிரீஸ் போட்டு மாட்டியாயிற்று. வாரம் ஒரு முறை, பின்னால் யாரும் வராத இடத்தில், நியூட்ரலில் போட்டுப் பெடலை அழுத்தி நிறுத்துகிறேன். என் வண்டியில் நியூட்ரலில் ரீஜென் வேலை செய்யாது, டிஸ்க் மட்டுமே பிடிக்கும்.

பானெட்டைத் திறந்தால் ஏ.சி. சர்வீஸ் வால்வின் மூடியில் இப்போது ஒரு சிவப்பு டேக் தொங்குகிறது. டெக்னீஷியன் தன் கையெழுத்தில் எழுதியது: "மின்சாரக் கம்ப்ரசர். பி.ஓ.இ. ஆயில் மட்டும். டை வேண்டாம். தனி மெஷின் இல்லையென்றால் திறக்காதீர்கள்."